பித்தப்பைக் கல்லும் மூவகை அளவையும்: நோயறிதல் வரலாறு குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

காட்சி, கருதல், உரை என்னும் மூவகை அளவைகளைத் தமிழ்த் தத்துவ நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையும் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. அளவை இயலைச் சமய வாதத்திற்குரிய கருவியாக மட்டுமே கற்பிப்பது நம் துறைகளில் வழக்கமாகிவிட்டது. மருத்துவர் ஒருவர் நோய் இன்னதெனத் துணியும் முறையும் அளவை வழிப்பட்டதே. நோயாளி தன் துன்பத்தைச் சொல்வது உரை. உடலின் குறிகளைக் கொண்டு உள்ளிருப்பதை ஊகிப்பது கருதல். கருவியின் துணையால் உறுப்பைக் காண்பது காட்சி. சித்தாந்த நூல்களில் உரை என்பது ஐயத்திற்கு இடமில்லாத ஆன்றோர் வாக்கைக் குறிக்கும். நோயாளியின் வாய்மொழியை அதனோடு ஒருங்கு வைப்பது அச்சொல்லைச் சற்று நெகிழ்த்துவதாகும். ஆய்வு வசதி கருதி இக்கட்டுரை அந்நெகிழ்ச்சியை மேற்கொள்கிறது.

பித்தப்பைக் கல் நோயை இங்கு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. இக்கல் உடலின் ஆழத்தில், கல்லீரலின் அடியில் மறைந்து கிடப்பது. கண்ணுக்கும் கைக்கும் எளிதில் எட்டாதது. எனவே அதனை உயிருள்ள உடலில் அறிவதற்கு மருத்துவம் மேற்கொண்ட முயற்சிகளில் மூன்று அளவைகளும் மாறி மாறி முதன்மை பெற்றதைத் தெளிவாகக் காணலாம். காட்சி என்று இன்று நாம் நம்பும் படமும் உண்மையில் கருதலின் ஒரு வகையே என்பது இக்கட்டுரையின் கருத்து.

சொல்லும் பொருளும்

பித்தம் என்னும் சொல் தமிழில் ஒரே வேளையில் பல பொருள்களைச் சுமந்து நிற்கிறது. வாத, பித்த, கபம் என்னும் முக்குற்றங்களுள் ஒன்றாகவும், கல்லீரல் சுரக்கும் கசப்பு நீராகவும், மனம் பேதலித்த நிலையாகவும் அது வழங்குகிறது. பித்தப்பைக் கல் என்று மருத்துவர் சொல்லக் கேட்ட ஒருவர், உடலில் பித்தம் மிகுந்ததால் கல் உண்டாயிற்று என்று பொருள்கொள்வது இதனால் நேர்வது. வேதியியல் நோக்கில் இக்கல் பெரும்பாலும் கொலஸ்டிராலால் ஆனது. சில கற்கள் சிதைந்த குருதிச் சிவப்பணுக்களின் நிறமியால் ஆனவை. கொலஸ்டிரால் என்னும் பெயரே இக்கல்லிலிருந்து பிறந்ததுதான். 18ஆம் நூற்றாண்டில் பித்தக் கற்களிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட அப்பொருளுக்குப் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரேல் 1816இல் பித்தம், திண்மை எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைப் புணர்த்துப் பெயரிட்டார். இன்று இதய நோயோடு மட்டும் இணைத்துப் பேசப்படும் ஒரு சொல்லின் வேர் பித்தப்பையில் இருப்பதைச் சொல்லாய்வாளர்கள் கருத்தில் கொள்ளலாம்.

சித்த மருத்துவத்தில் கல்லடைப்பு என்பது சிறுநீர்ப் பாதையில் தோன்றும் கல்லைக் குறிக்கும். இரண்டும் கல் என்னும் பெயரைப் பகிர்ந்துகொள்வதால் மக்கள் வழக்கில் இவை கலந்துவிடுகின்றன. சிறுநீர்க் கல்லுக்குச் சொல்லப்படும் வாழைத்தண்டுச் சாற்றைப் பித்தப்பைக் கல்லுக்கும் அருந்துவோர் பலர். சிறுநீரும் பித்தநீரும் வெவ்வேறு வழிகளில் செல்வன. ஒன்றைப் பெருக்குவதால் மற்றொன்றில் உள்ள கல் வெளியேறுவதில்லை.

உரை: நோயாளியின் சொல்

கல் பித்தப்பையின் கழுத்தில் சிக்கும்போது வலி தோன்றுகிறது. வயிற்றின் வலப்புற மேற்பகுதியிலோ நடுவயிற்றின் மேலோ எழுந்து, அரை மணி முதல் சில மணி நேரம் வரை நீடித்து, பின் தானே தணியும். உணவுக்குப் பின்னரும் நள்ளிரவிலும் வருவது மிகுதி. முதுகுக்கும் வலத் தோள்பட்டைக்கும் பரவும். உதரவிதானத்திற்குச் செல்லும் நரம்பும் தோளின் தோலுக்குச் செல்லும் நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளைப்பதால், வயிற்றின் துன்பத்தை மூளை தோளின் துன்பமாகவும் உணர்கிறது. விட்டுவிட்டு முறுக்கும் வலி எனப் பொருள்படும் பெயரை மேலை மருத்துவம் இதற்குச் சூட்டியிருந்தாலும், இவ்வலி உச்சத்தை அடைந்தபின் ஒரே சீராக நிற்பதே இயல்பு. பெயரிட்டவர்கள் நோயாளியைச் சரியாகக் கேட்கவில்லை போலும்.

இத்துன்பத்தை நோயாளி எச்சொல்லால் சொல்கிறார் என்பது முக்கியம். வாயுப் பிடிப்பு, அசீரணம், நெஞ்செரிவு, கேஸ் டிரபிள் எனப் பல பெயர்கள் தமிழில் உள்ளன. வயிற்றுப்புண்ணும் மாரடைப்பும்கூட இதே சொற்களாலேயே சொல்லப்படுகின்றன. உரை அளவையின் வலிமையும் வரம்பும் இங்கே தெரிகின்றன.

இலக்கிய ஆய்வாளர்க்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. திருநாவுக்கரசர் பாடலியில் தருமசேனராய் இருந்த காலத்தில் சூலை நோயால் வருந்தித் திருவதிகையில் தமக்கையாரை அடைந்த வரலாற்றைச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். அச்சூலைக்கு இன்றைய நோய்ப்பெயர் ஒன்றைச் சூட்டும் விழைவு எழுவது இயல்பே. பித்தப்பைக் கல்லும் அவ்விழைவுக்கு எளிதில் இடங்கொடுக்கும். ஆனால் சூலை என்பது உறுப்பின் பெயரன்று. குத்திக் குடையும் வலியின் பெயர். வலப்புறமா, தோளுக்குப் பரவியதா, காமாலை கண்டதா என்னும் வினாக்களுக்குக் காப்பியம் விடை சொல்லக் கடமைப்பட்டதும் அன்று. 7ஆம் நூற்றாண்டு அடியாரின் வயிற்றுக்குள் 20ஆம் நூற்றாண்டின் படத்தை வைத்துப் பார்ப்பது உரை அளவை தாங்காத சுமையை அதன்மேல் ஏற்றுவதாகும். சூலை எனவே உரைத்து அமைதல் தக்கது.

பிணத்தில் கண்டது, உயிரில் கருதியது

பித்தப்பைக் கல் புதிய நோயன்று. கற்கள் நிறைந்த பித்தப்பையுடன் எகிப்திய மம்மி ஒன்று கண்டெடுக்கப்பட்டு லண்டன் அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அது அழிந்தது. புளோரன்சு நகர மருத்துவர் அந்தோனியோ பெனிவியேனி, வயிற்று வலியால் இறந்த பெண்ணொருவரின் உடலைத் திறந்து கற்களைக் கண்ட செய்தி, அவர் மறைவுக்குப் பின் 1507இல் வெளிவந்த நூலில் உள்ளது. பாதுவா பல்கலைக்கழகத்தின் மோர்கான்யி 1761இல் வெளியிட்ட பெருநூல், உயிரோடிருந்தபோது நோயாளி சொன்ன துன்பங்களையும் இறந்தபின் உடலில் கண்ட மாற்றங்களையும் ஒன்றோடொன்று பொருத்தியது. உரையைக் காட்சியால் சோதிக்கும் முறை இவ்வாறு நிலைபெற்றது. எனினும் காட்சி கிடைத்தது இறப்புக்குப் பின்னரே.

உயிருள்ளவரிடம் பிழைபட அறிதலின் விலை பெரிது. பாரிசு அறுவை மருத்துவர் ழான் லூயி பெத்தீ 1743இல் எழுதிய கட்டுரை இதனை உணர்த்துகிறது. வீங்கிய பித்தப்பையைக் கல்லீரலின் சீழ்க்கட்டி எனக் கருதிக் கீறியதால் பித்தநீர் வயிற்றறையில் கசிந்து நோயாளிகள் இறந்தனர். இரண்டையும் வேறுபடுத்தி அறியும் குறிகளை அவர் தொகுத்தார். பித்தப்பை வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டது உறுதியானாலன்றிக் கத்தி வைத்தலாகாது என்பது அவர் விதித்த வரம்பு.

அதன்பின் ஒரு நூற்றாண்டு கடந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அமெரிக்காவின் இண்டியானாபோலிசு நகரில் 1867 சூன் 15 அன்று ஜான் பாப்சு என்னும் மருத்துவர் 30 வயதுப் பெண்ணொருவரின் வயிற்றைத் திறந்தார். சினைப்பைக் கட்டி என்பது அவர் கணிப்பு. உள்ளே கண்டதோ கற்கள் நிறைந்து வீங்கிய பித்தப்பை. கற்களை எடுத்துவிட்டுத் தைத்தார். அப்பெண் நெடுங்காலம் வாழ்ந்தார். பித்தப்பை அறுவையின் முதற் சாதனைகளுள் ஒன்றாகப் போற்றப்படும் இந்நிகழ்ச்சி நோயறிதல் நோக்கில் ஒரு தோல்வியே என்பதை மருத்துவ வரலாற்று நூல்கள் அழுத்திச் சொல்வதில்லை.

இதே 1867இல்தான் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் யாழ்ப்பாணத்து மாணவர்களுக்காக ஆக்கிய இரண வைத்தியம் தமிழில் அச்சேறியது. மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இல் தொடர்ந்தன. ஆங்கில மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அப்பெருமுயற்சி நடைபெற்ற காலம், பித்தப்பையை முழுதாக அகற்றும் முதல் அறுவைக்கு முந்தியது. ஊடுகதிர் கண்டறியப்படுவதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு முந்தியது. மானிப்பாய் மாணவர் ஒருவர் தமிழில் கற்றிருக்கக்கூடிய நோயறிதலும் அக்கால லண்டன் மாணவர் கற்ற நோயறிதலும் ஒரே எல்லைக்குள் அடங்கியவை: கேட்டறிதல், தொட்டறிதல். கிறீனின் நூல்களைக் கலைச்சொல் வளத்திற்காக மட்டும் படிப்போர், அவை எந்த அறிவு எல்லைக்குள் நின்று எழுதப்பட்டன என்பதையும் கருதுதல் நலம்.

பெர்லின் லாசரசு மருத்துவமனையில் கார்ல் லாங்கன்புக் 1882 சூலை 15 அன்று 43 வயது ஆடவர் ஒருவரின் பித்தப்பையை அகற்றினார். அந்நோயாளி 16 ஆண்டுகள் வலியால் துன்புற்றவர். கல்லை மட்டும் எடுத்தால் மீண்டும் உண்டாகும், கல்லை உண்டாக்கும் பையையே நீக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இனி, பெண்கள், பருமனானவர்கள், நாற்பதை எட்டியவர்கள், பிள்ளை பெற்றவர்கள் என்னும் நான்கு அடையாளங்களை மருத்துவ மாணவர்கள் நீண்டகாலமாக மனப்பாடம் செய்துவருகின்றனர். பெண்களிடம் இந்நோய் மிகுதி என்பது உண்மை. ஆனால் முதன்முதலாகப் பித்தப்பை அகற்றப்பட்டவர் ஓர் ஆண் என்பதை அவ்வாய்பாடு மறக்கச் செய்கிறது.

அறுவை இயன்றதும் குறிகளைக் கூர்மைப்படுத்தும் தேவை எழுந்தது. காய்ச்சல், காமாலை, வலப்புற வலி மூன்றும் சேர்ந்தால் பித்தநாளத்தில் கிருமித் தொற்று எனக் கருதலாம் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1877இலேயே கூறியிருந்தார். வலப்புற விலா எலும்பின்கீழ் விரல்களை ஆழ அழுத்தி நோயாளியை மூச்சை இழுக்கச் சொன்னால், அழற்சியுற்ற பித்தப்பை விரலில் மோதும் கணத்தில் மூச்சு தடைப்படும். சிக்காகோ மருத்துவர் மர்பியின் பெயரால் வழங்கும் இக்குறி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. இன்றும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் கையாளப்படுகிறது.

இவற்றுள் கருதல் அளவைக்குச் சிறந்த சான்று சுவிட்சர்லாந்தின் குர்வாசியே 1890இல் வெளியிட்ட ஆய்வு. பித்தநாளம் அடைபட்ட 187 நோயாளிகளின் குறிப்புகளை அவர் ஒப்பிட்டார். கல்லால் அடைபட்ட 87 பேருள் 17 பேருக்கே பித்தப்பை விரிந்திருந்தது. பிற காரணங்களால் அடைபட்ட 100 பேருள் 92 பேருக்கு விரிந்திருந்தது. கல் நெடுநாள் கிடந்த பை அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடுவதால் அது விரிவதில்லை. ஆகவே காமாலையோடு பித்தப்பை கைக்குத் தட்டுப்பட்டால் கல்லன்று, கணையப் புற்று முதலிய வேறொன்று என்று ஐயுற வேண்டும். புகையைக் கண்டு தீயைக் கருதும் அளவை நூல் எடுத்துக்காட்டு இங்கு நேர்மாறாக நிகழ்கிறது. ஒரு குறி இருப்பதைக் கொண்டு ஒரு பொருள் இல்லாமை துணியப்படுகிறது. பிற்காலத்தார் இதனை விதி எனப் பெயரிட்டு இறுக்கினர். குர்வாசியே கண்டது விதியன்று, மிகுதி நிலையே. அந்த 17 பேரை மறந்தவர்கள் பிழை செய்தனர்.

நிழலைப் படித்தல்

1895இல் இராண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்ததும் உடலின் உள்ளே காணும் நாள் வந்துவிட்டது என்று உலகம் வியந்தது. பித்தப்பைக் கல் அவ்வியப்புக்கு இணங்கவில்லை. எலும்பைப் போலச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கற்களே ஊடுகதிரைத் தடுக்கும். கொலஸ்டிரால் கல் அதனைத் தடுப்பதில்லை. பத்துப் பேரின் கற்களில் ஒருவர் அல்லது இருவர் கற்களே படத்தில் தெரியும். படத்தில் காணாமை இன்மைக்குச் சான்றாகாது என்பதை மருத்துவர்கள் விரைவில் உணர்ந்தனர்.

கல் தெரியாவிட்டால் கல்லைச் சூழ்ந்த நீரைத் தெரியச் செய்யலாம் என்னும் எண்ணம் அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரில் எவார்ட்சு கிரேயமுக்குத் தோன்றியது. பினால்ப்தலீன் சேர்மங்கள் சில கல்லீரல் வழியே பித்தநீரில் கலக்கின்றன என்பது 1909இல் வேறு ஆய்வாளர்களால் நிறுவப்பட்டிருந்தது. அதனோடு ஊடுகதிரைத் தடுக்கும் புரோமின் அணுக்களை இணைத்து, உடன் ஆய்வாளர் வாரன் கோலுடன் நாய்களின் குருதியில் செலுத்திப் பார்த்தார். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் ஒரேயொரு நாயின் பித்தப்பை மட்டும் படத்தில் துலங்கியது. காரணம் தேடியபோது, அந்த நாய்க்கு அன்று உணவு வைக்கப்படவில்லை என்று தெரியவந்தது. பட்டினியில் பித்தப்பை நீரைத் தேக்கிச் செறிவாக்கும். உணவு உட்சென்றதும் சுருங்கி நீரை வெளியேற்றிவிடும். வேலையாள் ஒருவரின் மறதி ஒரு முறையின் மூலவிதியைக் காட்டிக்கொடுத்தது. கிரேயமும் கோலும் தம் முறையை 1924இல் வெளியிட்டனர். வெறும் வயிற்றோடு ஸ்கேன் எடுக்க வரவேண்டும் என இன்று சொல்லப்படும் அறிவுரைக்கும் அந்த நாயின் பட்டினிக்கும் அடிப்படை ஒன்றே.

இம்முறையில் கல் எவ்வாறு தெரிந்தது என்பது நோக்கத்தக்கது. மருந்து கலந்த பித்தநீர் படத்தில் வெண்மையாகத் தோன்றும். கல் இருக்குமிடம் அவ்வெண்மையின் நடுவே ஒரு வெற்றிடமாக நிற்கும். அதாவது கல் காணப்படவில்லை. நீர் இல்லாமை காணப்பட்டு, அங்குக் கல் உண்டெனக் கருதப்பட்டது. பித்தப்பையே படத்தில் தோன்றாவிட்டால், நாளம் அடைபட்டது அல்லது பை செயலிழந்தது என்று அத்தோன்றாமையும் சான்றாகக் கொள்ளப்பட்டது. முந்தைய இரவு மாத்திரை விழுங்கி மறுநாள் படம் எடுக்கும் வாய்வழி முறையாக வளர்ந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு இது கோலோச்சியது.

ஒலியும் ஒலி நிழலும்

நீர்மூழ்கிகளைத் தேடப் பயன்பட்ட மீயொலி, போருக்குப் பின் உடலுக்குள் திரும்பியது. அமெரிக்கக் கடற்படையின் பெத்தெசுடா ஆய்வகத்தில் சார்ச் லட்விக் 1949இல் அளித்த அறிக்கை, பித்தக் கற்களை ஒலியின் எதிரொலியால் கண்டறிய இயலுமா என்பதையே வினாவாகக் கொண்டது. மனிதரின் பித்தக் கற்களை நாய்களின் பித்தப்பையில் வைத்து அவர் ஆய்ந்தார். மென்திசுக்களில் ஒலியின் விரைவு சராசரியாக நொடிக்கு 1540 மீட்டர் என அவர் அளந்தார். கருவிலுள்ள குழந்தையைக் காட்டும் கருவி முதல் இதயத்தைக் காட்டும் கருவி வரை அனைத்தும் தொலைவைக் கணக்கிட இன்றும் அவ்வெண்ணையே கொள்கின்றன. கல்லைத் தேடிச் சென்றவர் கண்டெடுத்த எண் அது.

1970களில் சாம்பல் நிறப் படிநிலைகளைக் காட்டும் கருவிகள் வந்தபின் மீயொலி ஊடுகதிர் முறையைப் பின்தள்ளியது. பித்தநீர் எதிரொலிப்பதில்லை ஆதலின் பித்தப்பை கருமையாகத் தெரியும். அதனுள் கல் பளிச்சென்ற வெண்புள்ளியாகத் தோன்றும். கல்லைக் கடந்து ஒலி செல்லாமையால் அதன் பின்னே கருநிழல் விழும். நோயாளி புரண்டு படுத்தால் கல் உருண்டு இடம் மாறும். ஒளிர்வு, நிழல், அசைவு மூன்றும் சேர்ந்தாலே கல் எனத் துணிவர். சுவரில் ஒட்டிய தசைத்திரட்சியும் ஒளிரும். ஆனால் நிழல் விடாது, அசையாது. படம் கண்ணெதிரே இருந்தும் துணிவு பிறப்பது இக்குறிகளை ஒப்புநோக்கும் கருதலால்தான். மர்பியின் குறியும் இக்கருவிக்குள் புகுந்துவிட்டது. விரலுக்கு மாற்றாகக் கருவியின் முனையால் பித்தப்பைமேல் நேரே அழுத்தி, வலிக்கிறதா என்று நோயாளியைக் கேட்கின்றனர். காட்சியின் நடுவே உரை மீண்டும் தேவைப்படுகிறது.

மீயொலிக்கும் எல்லை உண்டு. பித்தப்பையிலுள்ள கற்களை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்டும் அது, பித்தநாளத்தின் கீழ்முனையில் சிக்கிய கல்லைக் குடல் வாயு மறைப்பதால் பெரும்பாலும் தவறவிடும். அங்குக் காந்த ஒத்ததிர்வுப் படமும் உள்நோக்கி வழி மீயொலியும் துணை செய்கின்றன. சிடி ஸ்கேனில் பித்தநீரின் அடர்த்தியை ஒத்த கல் கலந்து மறைந்துவிடும். விலை மிகுந்த கருவி எல்லாவற்றையும் காட்டும் என்னும் பொதுநம்பிக்கை இவ்வுறுப்பில் செல்லுபடியாவதில்லை.

பேசாத கற்கள்

மீயொலி எளிதாகவும் மலிவாகவும் பரவியபின் புதியதொரு சிக்கல் தோன்றியது. வேறு காரணத்திற்காக ஸ்கேன் எடுத்தவர்களிடமும் கற்கள் தென்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர்க்கு எத்துன்பமும் இல்லை. தீங்கற்ற பித்தக்கல் என்பது கட்டுக்கதை என 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் மாயோ வாதிட்டிருந்தார். அவர் பார்த்தவர்கள் வலியோடு வந்தவர்கள். வலியற்றவர்களின் கல்லைக் காண அன்று வழியில்லை. கிரேசியும் இரான்சாஃப்பும் 1982இல் வெளியிட்ட ஆய்வு, மிச்சிகன் பல்கலைக்கழகப் பணியாளருள் துன்பம் தராத கற்களுடைய 123 பேரைத் தொடர்ந்து கவனித்தது. 15 ஆண்டுகளில் வலி தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடே. மாயோவின் கூற்றைத் தலைப்பிலேயே மறுத்து அவ்வாய்வு வெளிவந்தது.

1985இல் ஜெர்மனியின் எரிக் மூயே நுண்துளை வழியே பித்தப்பையை அகற்றிக் காட்டினார். அம்முறை பரவியபின் அமெரிக்கா போன்ற நாடுகளில் பித்தப்பை அறுவைகள் பெருகின. கற்கள் திடீரெனப் பெருகிவிடவில்லை. அகற்றுவது எளிதாயிற்று, அவ்வளவே. படம் காட்டிய கல்லே வயிற்று வலிக்குக் காரணம் எனக் கொண்டு பித்தப்பையை இழந்து, அறுவைக்குப் பின்னும் அதே வலியோடு வருவோர் உண்டு. அவர்களுக்குக் கல் இருந்தது உண்மை. வலி வேறொன்றிலிருந்து வந்தது. உடனிருத்தல் வேறு, காரணமாதல் வேறு என்பதை அளவை நூல்கள் எத்துணை வற்புறுத்தியுள்ளன என்பது தமிழாய்வாளர் அறிந்ததே.

இந்தியச் சூழலில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. இந்திய இரயில்வே ஊழியரிடையே மல்கோத்ரா 1968இல் வெளியிட்ட ஆய்வு, பித்தக்கல் நோய் தென்னிந்தியரைவிட வடஇந்தியரிடம் ஏறத்தாழ 7 மடங்கு மிகுதி எனக் கூறியது. அது மீயொலிக்கு முற்பட்ட காலம். எனவே துன்புற்று மருத்துவரை நாடியவர்களே கணக்கில் வந்திருப்பர். கணக்கிடப்பட்டது கல்லன்று, வலி எனலாம். மீயொலி கொண்டு காசுமீரப் பொதுமக்களிடையே நடத்தி 1989இல் வெளியான ஆய்வு, வயதுவந்தோரில் 6 விழுக்காட்டளவினர்க்குக் கல் இருப்பதாகக் காட்டியது. இவ்விரு ஆய்வுகளும் வெவ்வேறு அளவைகளால் பெற்ற எண்களைத் தருவன. நேருக்கு நேர் ஒப்பிடத்தக்கன அல்ல. கங்கைச் சமவெளிப் பெண்களிடம் பித்தப்பைப் புற்று மிகுந்து காணப்படுவதால், துன்பம் தராத கல்லை அங்கு விட்டுவைக்கலாமா என்பதில் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், சுண்ணாம்பேறிய பித்தப்பைச் சுவர் போன்ற நிலைகளில் வலியில்லாவிடினும் அறுவையைப் பரிந்துரைப்போர் உளர். ஏனையோர்க்குப் பொதுவாகக் காத்திருத்தலே சொல்லப்படுகிறது.

வலியோடு காய்ச்சலோ காமாலையோ சேர்ந்தாலும், வலி ஐந்தாறு மணி நேரத்திற்கு மேல் தணியாமல் நின்றாலும் காத்திருத்தல் பொருந்தாது. உடனே மருத்துவமனையை நாடவேண்டும். அந்நிலைகள் நீங்கலாக, ஸ்கேன் அறிக்கையைக் கையில் ஏந்தி வருபவரிடம் தேர்ந்த அறுவை மருத்துவர் முதலில் அறிக்கையைப் பிரிப்பதில்லை. வலி எங்கே தொடங்கியது, எத்தனை மணி நேரம் நின்றது, தோளுக்குப் போனதா, உறக்கத்திலிருந்து எழுப்பியதா, சிறுநீர் கறுத்ததா, மலம் வெளுத்ததா என்றே கேட்கத் தொடங்குகிறார்.